உண்டியலை உடைப்பது யார்?

மாட்டுப் பொங்கல் அன்று காஞ்சிபுரத்திலிருந்து வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு வருவார். சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் அன்று பாலாற்றங்கரையில்தான் இருக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையில் ஆண்டுக்கு ஒருமுறை காசு புழங்குவதும் அன்றைக்குத்தான். ஆயா இடுப்பில் செருகிய சுருக்குப் பையை எடுத்து முடிச்சை அவிழ்ப்பார். அண்ணனுக்கு ஒரு ரூபாய், எனக்கு எட்டணா. ஏன் என்று கேட்டால், “அவன் ஆம்பளப் புள்ள, நாலு எடம் போவான்” என்பார்.

அண்ணன் ராட்டினம் ஏறுவான், கரும்பு கடிப்பான், பொழுது சாய்வதற்குள் கையைத் தட்டிக்கொண்டு வருவான். அவனை யாரும் கணக்குக் கேட்டதில்லை. என் எட்டணாவுக்குத்தான் விசாரணை. வளையல் வாங்கியிருந்தால் வீண்செலவு. அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருந்தால் “பொறுப்பான பொண்ணு.” அந்த ஒரு சொல்லுக்காகவே பல ஆண்டுகள் செலவழிக்காமல் வந்தேன். மல்லாட்டை அறுவடை முடிந்த கொல்லையில் தப்பிய காய்களைப் பொறுக்கி, கடையில் போட்டுக் கிடைத்த சில்லறையையும் மண் உண்டியலில் சேர்த்தேன்.

அந்த உண்டியலை உடைத்த நாளில் நான் வீட்டில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அடுப்படி மூலையில் ஓடுகள் கிடந்தன. அண்ணனின் படிப்புச் செலவுக்கு எடுத்துக்கொண்டதாக அம்மா சொன்னார். “உங்க அண்ணனுக்குத்தானே” என்றார். அதற்குமேல் பேச எனக்கு வார்த்தை இருக்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குக் காசு கொடுங்கள், காசின் அருமையைக் கற்றுக்கொடுங்கள் என்று இன்று பல திசைகளிலிருந்தும் அறிவுரை வருகிறது. எத்தனை வயதில் தொடங்குவது, வாரக் கணக்கா மாதக் கணக்கா, எவ்வளவு சேமிக்கச் சொல்வது என்றெல்லாம் பேசுகிறார்கள். எனக்கு இருக்கும் கேள்வி வேறு. பிள்ளையின் கையில் இருக்கும் காசு யாருடையது? அதைப் பிள்ளையின் காசு என்று வீடும் ஊரும் சட்டமும் எப்போது ஒப்புக்கொண்டன? பெண் பிள்ளையின் காசு என்று எப்போது ஒப்புக்கொண்டன? இந்தக் கேள்விகளோடு நம் பக்கத்து வரலாற்றைப் புரட்டினால், காசின் அருமை தெரியாத பிள்ளைகள் இங்கே மிகக் குறைவு என்பது புரியும். காசின்மேல் உரிமை இல்லாத பிள்ளைகள்தான் அதிகம்.

கணக்கு யாரிடம் கேட்பது?

பழையசீவரத்துக்குத் தெற்கே இருக்கிறது உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை நம் பாடநூல்கள் பெருமையோடு சொல்கின்றன. அவற்றில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடியும் வாரியத்துக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினருக்கும் அதே தடை. பொதுப் பணம் யார் கையில் இருக்கிறதோ அவரிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும் என்பது அதன் பொருள்.

நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆண்களை மனதில் வைத்தே அந்தத் தகுதிகள் எழுதப்பட்டன. குடத்திலிருந்து ஓலை எடுக்க மட்டும் ஒரு சிறுவனை அழைத்தார்கள். எது யாருடைய ஓலை என்று அறியாத கை வேண்டும் என்பதற்காக. ஊர்ப் பணத்தின் வரலாற்றில் பிள்ளையின் கைக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

ஊர்ச் சபையில் பணம் வைத்திருப்பவரிடம் கணக்குக் கேட்ட இதே மண்ணில், வீட்டுக்குள் கணக்குக் கேட்கப்படுவது மிகக் குறைவாகப் பணம் வைத்திருப்பவரிடம். சாராயக் கடையில் போன கூலிக்குக் கணக்கில்லை. தக்காளிக்கும் தீப்பெட்டிக்கும் போன காசுக்குப் பைசா சுத்தமாகக் கணக்கு வேண்டும். என் எட்டணாவுக்கு நடந்த விசாரணையும் அதே வகைதான். மகள் பின்னாளில் மனைவியாக இருந்து கணக்கு ஒப்பிப்பதற்கான பயிற்சி அது.

சிறுவாடு

கணக்குக் கேட்கப்படுகிறவர்கள் கண்டுபிடித்த வழிதான் சிறுவாடு. கடுகு டப்பாவில், அரிசிப் பானைக்குள், புடவை மடிப்பில், முந்தானை முடிச்சில் ஒளிந்திருந்த பணம். வரட்டி தட்டி விற்றது, மோர் விற்றது, நடவுக் கூலியில் சொல்லாமல் எடுத்து வைத்தது, வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்தது எல்லாம் சேர்ந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வெளியே வருவது அந்தக் காசுதான்.

சிறுவாட்டை நாம் செல்லமாகப் பேசுகிறோம். பாட்டியின் சாமர்த்தியம், அம்மாவின் சிக்கனம் என்று சிரிக்கிறோம். தான் உழைத்த காசை ஒருத்தி ஏன் திருடனைப்போல ஒளித்து வைக்க வேண்டியிருந்தது என்று கேட்பதில்லை. வெளியே தெரிந்தால் அது அவளுடையதாக இருக்காது என்பதுதான் காரணம்.

பழையசீவரத்துக்கு எதிர்க்கரையில் இருக்கும் திருமுக்கூடல் கோயிலில், 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றி அது சொல்கிறது. அங்கே பணிபுரிந்த மருத்துவரோடு, நோயாளிகளைக் கவனித்த பெண்களுக்கும் என்ன ஊதியம் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். பெண்ணின் உழைப்புக்குக் கூலி உண்டு என்று கல்லிலேயே எழுதத் தெரிந்த கரை இது. ஆனால் அதே கரையில் நாற்று நட்ட எங்கள் ஆயாவின் கூலி எந்த ஏட்டிலும் இல்லை. கடுகு டப்பாவில்தான் இருந்தது.

ஆகவே எங்கள் வீட்டில் எனக்குக் கற்பிக்கப்பட்ட பணப்பாடம் மூன்று சொற்களில் அடங்கும். சேர், ஒளி, கொடு. அண்ணனுக்கு அது ஒரே சொல். செலவழி. இருவரும் காசின் மதிப்பைக் கற்றதாகத்தான் வீட்டில் நினைத்தார்கள்.

தறியடியில் கற்ற பாடம்

காஞ்சிப் பட்டில் உடலுக்கு ஒரு நிறமும் கரைக்கு வேறொரு நிறமும் வைத்துக் கோர்வை போட்டு நெய்யும்போது, நெசவாளர் ஒருவரால் மட்டும் முடியாது. கரைக்கு நாடா போட்டுக் கொடுக்கப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். காஞ்சிபுரத்திலும் சுற்றியுள்ள நெசவு ஊர்களிலும் நெடுங்காலம் அந்த இடத்தில் உட்கார்ந்தது பிள்ளைகள். தார் சுற்றியதும் அவர்கள்தான்.

அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வேலை தொடங்கியது முன்பணத்தில். மருத்துவச் செலவுக்கோ, அக்காவின் கல்யாணத்துக்கோ, பழைய கடனுக்கோ தறிக்காரரிடம் பெற்றோர் ஒரு தொகை வாங்குவார்கள். அதற்கு ஈடாகப் பிள்ளை போய் உட்காரும். முன்பணம் கூலியில் கழியாது. வேறிடம் போக வேண்டுமானால் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். கூலியும் பெற்றோர் கைக்கே போகும். பத்து வயதில் தன் விலை என்ன என்பது ரூபாய்க் கணக்கில் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு மிட்டாய் வாங்க மட்டும் கையில் காசு இருக்காது. 2003இல் இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. அந்த அறிக்கையின் தலைப்பின் பொருள் ‘சில்லறைக் காசு.’

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் 1931இல் அறிக்கை கொடுத்த பிறகு, குழந்தைகளின் உழைப்பை அடகு வைப்பதைத் தடுக்கும் சட்டம் 1933இல் வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு 15 வயதுக்குட்பட்ட பிள்ளையின் உழைப்பை ஒப்பந்தமாக எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. அடகு வைத்த பெற்றோருக்கு 50 ரூபாய் வரையும், வாங்கிக்கொண்டவருக்கு 200 ரூபாய் வரையும் தண்டம். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் 1986 சட்டம், குடும்பத்தினரின் உதவியோடு நடக்கும் வேலைக்கு விலக்கு அளித்தது. வீட்டுத் தறிக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. 2016இல் திருத்தியபோது 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு எல்லா வேலையும் தடை செய்யப்பட்டது. அப்போதும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற வாசல் திறந்தே விடப்பட்டது.

‘உதவி’ என்ற இந்தச் சொல்லைப் பெண்கள் நன்றாக அறிவோம். நம் உழைப்புக்குக் கூலி இல்லை என்று சொல்லும்போதெல்லாம் அதற்கு உதவி என்றுதான் பெயர் வைக்கிறார்கள். தறியிலிருந்து எழுந்து பள்ளிக்குப் போன பெண் பிள்ளை சாயங்காலம் வந்ததும் தம்பியைத் தூக்கிக்கொள்கிறாள், தண்ணீர் பிடிக்கிறாள், தார் சுற்றுகிறாள். எதுவும் வேலை இல்லை, எல்லாமே உதவி.

யாருடைய கையெழுத்து?

பணத்தைப் போட்டு வைக்க அரசு ஓர் இடம் திறந்தபோதும் இதே கேள்வி வந்தது. 1873இல் அரசுச் சேமிப்பு வங்கிகள் சட்டம் வந்தது. 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கியது. சிறார் தாமே போட்ட பணத்தை அவர்களிடமே கொடுக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னது. மணமான பெண் போட்ட பணத்தை அவளிடமே கொடுக்கலாம் என்பதற்கும் தனியாக ஒரு பிரிவு தேவைப்பட்டது. சிறார், மனநலம் பாதிக்கப்பட்டோர், மணமான பெண்கள் என மூவருக்கும் தனித்தனிப் பிரிவுகள். மணமான ஆண் போட்ட பணத்தை அவனிடம் கொடுக்கலாமா என்று யாருக்கும் ஐயம் வரவில்லை.

அடுத்த ஆண்டே, 1874இல், மணமான பெண்ணின் சம்பாத்தியம் அவளுக்கே சொந்தம் என்று மணமான பெண்கள் சொத்துச் சட்டம் சொன்னது. அந்தப் பிரிவிலிருந்து இந்து, இஸ்லாமிய, பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களை விலக்கி வைத்தார்கள். நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோருக்கு அதில் இடமில்லை.

பழையசீவரம் வழியாகப் போகும் ரயில் பாதையின் ஒரு முனை செங்கல்பட்டு. அங்கேதான் 1929 பிப்ரவரியில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. ஆண்களுக்கு நிகராகப் பெண்களுக்கும் சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது அது 1989. நடுவில் 60 ஆண்டுகள். எட்டணாவுக்கும் ஒரு ரூபாய்க்கும் உள்ள வேறுபாட்டைக் காகிதத்தில் அழிக்க ஆன காலம் அது.

பிள்ளையின் பெயரில் பணம் போடத் தாயின் கையெழுத்து செல்லுமா என்பதற்கும் ஒரு வழக்கு நடந்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தன் மகன் பெயரில் 20,000 ரூபாய்க்கு ரிசர்வ் வங்கியின் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். பாதுகாவலர் என்று தாமே கையெழுத்திட்டார், அதற்குக் கணவரின் சம்மதமும் இருந்தது. ஆனாலும் தந்தையின் கையெழுத்து வேண்டும் என்று வங்கி கேட்டது. காரணம், 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டம். இயற்கைப் பாதுகாவலர் தந்தை, அவருக்குப் பிறகே தாய் என்றது அது. வேடிக்கை என்னவென்றால், தாயைப் பாதுகாவலராக வைத்துப் பிள்ளைகளின் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம் என்று 1976இலேயே வங்கிகளுக்கு அனுமதி தந்ததும் இதே ரிசர்வ் வங்கிதான். கீதா ஹரிஹரன் உச்ச நீதிமன்றம் போனார். 1999 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ‘பிறகு’ என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும் தாயே பாதுகாவலர் என்றது நீதிமன்றம். ‘பிறகு’ என்ற சொல்லுக்கு வேறு பொருள் கிடைத்தது. அந்தச் சொல் போகவில்லை.

2014இல் ரிசர்வ் வங்கி, 10 வயது நிறைந்த பிள்ளைகள் தாமே சேமிப்புக் கணக்குத் தொடங்கி நடத்தலாம் என்று வங்கிகளுக்குச் சொன்னது. வாசிக்கும் தோழிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரிந்தவர்களில் எத்தனை பேர் மகளை வங்கிக்கு அழைத்துப் போயிருக்கிறோம்?

கல்யாணத்துக்கென்று ஒதுக்கிய காசு

பெண் பிள்ளைக்கென்று சேர்க்கும் பணத்துக்கு எப்போதும் ஒரு முகவரி எழுதப்பட்டிருக்கும். அது கல்யாணம். மேற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் இதை ஒரு வேலைத் திட்டமாகவே மாற்றின. வளரிளம் பெண்களை விடுதியில் வைத்து மூன்று ஆண்டுகள் வேலை வாங்குவார்கள். கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, காலம் முடிந்ததும் மொத்தமாகத் தருவதாகச் சொல்வார்கள். அதற்குச் ‘சுமங்கலித் திட்டம்’ என்று பெயர். நோய்வாய்ப்பட்டு நடுவில் திரும்பிய பெண்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவே இல்லை. தன் கூலியைத் தானே மாதாமாதம் தொட முடியாதபடி செய்ததற்குச் சொன்ன நியாயம், “உன் கல்யாணத்துக்குத்தானே.” என் உண்டியலுக்குச் சொன்ன நியாயத்திலிருந்து இது அதிகத் தூரமில்லை.

அரசின் சேமிப்புத் திட்டத்திலும் அதே முகவரி இருக்கிறது. 2015இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில், 18 வயதுக்குப் பிறகு உயர்கல்விக்குப் பாதிவரை எடுக்கலாம். திருமணம் என்றால் கணக்கையே முடித்துக்கொள்ளலாம். ஆண் பிள்ளைகளுக்கென்று தமிழ்நாட்டு அஞ்சல் துறை ‘பொன்மகன்’ என்று பெயர் சூட்டிய பொது வைப்பு நிதியில், கணக்கை முன்கூட்டி முடிக்கத் திருமணம் ஒரு காரணமாக இல்லை. மகள் என்றால் கல்யாணம், மகன் என்றால் எதிர்காலம்.

இந்த முகவரி மாறிய ஓர் இடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண நிதியுதவித் திட்டம் தொடங்கியது. எட்டாம் வகுப்புவரை படித்திருந்தால் 5,000 ரூபாய். பெண்ணைப் பள்ளியில் வைத்திருக்க அது ஒரு வழியாக இருந்தது. பின்னர் அது பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்குத் தங்கமும் என்று வளர்ந்தது. 2022இல் அதே பெயரிலான திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக, புதுமைப் பெண்ணாக மாறியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய், அவளுடைய வங்கிக் கணக்கிலேயே. தாலிக்குப் போன பணம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் நாப்கினுக்கும் டீக்கும் போகிறது. மகளின் கைச்செலவுக்கு மாதாமாதம் காசு கொடுக்க வேண்டும் என்று பல வீடுகள் நினைக்காத காலத்தில் அரசு நினைத்தது.

அடுத்த ஆண்டு, 2023 செப்டம்பர் 15 அன்று, காஞ்சிபுரத்தில்தான் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது பெயர். உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்றார்கள். சிறுவாட்டுக்கு முதன்முறையாக ஒரு பாஸ்புக் கிடைத்தது. ஆனால் ஏடிஎம் அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது என்பதை அரசாணை முடிவு செய்ய முடியாது. அது வீட்டுக்குள் முடிவாகும் விஷயம்.

வீட்டுக்குள்

ஆகவே வீட்டுக்கே திரும்புகிறேன். சென்ற ஆண்டு என் மகளின் உண்டியலிலிருந்து சிலிண்டருக்காக 600 ரூபாய் எடுத்தேன். உடைக்கவில்லை, இந்தக் காலத்து உண்டியலுக்கு மூடி இருக்கிறது. சாயங்காலம் அவள் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். “என்னைக் கேட்டியாம்மா?” என் வாயில் வந்த முதல் பதில், “வீட்டுக்குத்தானே!” சொன்ன பிறகுதான் அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரிந்தது.

அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அவருடைய காசையும் யாரும் கேட்டு எடுத்ததில்லை. கேட்டு எடுக்க வேண்டிய காசு என்று ஒன்று ஒரு பெண்ணிடம் இருக்கலாம் என்பதே அவர் காணாத செய்தி. ஆனால் எனக்கு அந்தச் சாக்கு இல்லை. மகளின் நோட்டில் தேதி போட்டு, 600 ரூபாய் கடன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மூன்று தவணையில் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு தவணைக்கும் அவள் டிக் அடித்தாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் சில வழக்கங்கள் வந்திருக்கின்றன. மகனுக்கும் மகளுக்கும் ஒரே தொகை, ஒரே நாளில். வீட்டு வேலை இருவருக்கும் சமம், அதற்குக் காசு கிடையாது. வீட்டில் இருப்பவர்கள் வீட்டு வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான். அவர்களுக்குக் கொடுத்த காசில் கணக்குக் கேட்பதில்லை. பதிலாக, வீட்டு வரவு செலவை மாதம் ஒருமுறை இருவருக்கும் முன்னால் நாங்கள் எழுதுகிறோம். பணம் அதிகம் வைத்திருப்பவர்தான் கணக்குக் காட்ட வேண்டும் என்ற உத்திரமேரூர் விதி வீட்டுக்கும் பொருந்தும்.

மகள் அந்தக் காசில் வளையல் வாங்கலாம். தோழிக்கு ஐஸ்க்ரீம் வாங்கித் தரலாம். வாங்கியது மோசமாக இருந்தால் வருத்தப்படலாம். தவறாகச் செலவழிக்கும் உரிமையும் சேர்ந்ததுதான் காசின்மேல் உள்ள உரிமை. பையன்களுக்கு அதை நாம் எப்போதும் கொடுத்தே வந்திருக்கிறோம்.

இந்தப் பொங்கலுக்குப் பார்வேட்டைக்குப் போனபோது பிள்ளைகள் இருவருக்கும் நூறு நூறு ரூபாய் கொடுத்தேன். மகள் ராட்டினத்தில் நான்கு முறை ஏறினாள். வீட்டுக்கு வரும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லை. நான் எதுவும் கேட்கவில்லை.